வயரில்லாமல் வந்த சேனல்

கேபிள் வயரைக் கழற்றிய பிறகும் ஸ்கேன் ஒரு சேனலைக் கண்டுபிடித்தது.

பிராங்கிளின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். சிக்னல் பூஜ்யம். கிடைத்த சேனல்கள்: ஒன்று. பதினைந்து வருடமாகத் திண்டுக்கல்லில் செட்டாப் பாக்ஸ் பழுது பார்க்கிறான். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆனாலும் வியப்பு வரவில்லை. மனைவி வினோலியாவை அடக்கம் செய்து இருபது நாளாகிறது. அன்றிலிருந்து அவனுக்கு எதுவுமே வரவில்லை, அழுகைகூட.

நாகல் நகரில் அவன் பழுது பார்க்க வந்த வீட்டின் முன்னறை சாயங்காலம் நாலரைக்கே மங்கிக் கிடந்தது. வெயிலுக்குச் சாத்திய சன்னல், ஊதுபத்திச் சாம்பலின் வாடை, மின்விசிறியின் கிறீச்சொலி, எல்லாவற்றுக்கும் அடியில் டிவியிலிருந்து சன்னமாக, சீராக ஓர் ஓசை: டக், டக், டக்.

"மூணு நாளா இதேதான் தம்பி," என்றார் வீட்டுக்காரம்மா ஜெய்தூன் பீவி. "எத்தன தடவ ஸ்கேன் போட்டாலும் கடைசில இது வந்து ஒக்காந்துக்கிருது. ஒரு பொம்பள முதுகக் காட்டிக்கிட்டு காய் நறுக்குறா. திரும்பவே மாட்டேங்குறா."

"பழசு ஏதாச்சும் மெமரில நிக்கும்க்கா. அழிச்சுட்டுப் பாக்குறேன்."

பட்டியல் முழுவதையும் அழித்தான். மறுபடி ஸ்கேன் போட்டான். பச்சைக் கோடு ஊர்ந்து, தொண்ணூற்றேழில் தயங்கி, நிறைந்தது. ஒன்று. கருந்திரை மெல்ல வெளுத்தது.

அடுப்படி. மூலை உடைந்த கடப்பாக்கல் மேடை. மாதா கோயில் காலண்டர். பச்சைப் பூப்போட்ட நைட்டி.

அவன் வீட்டு அடுப்படி.

பயம் எங்கோ அடுத்த தெருவில் நடப்பதுபோல இருந்தது. ரிமோட் கையிலேயே இருந்தது.

போன் அடித்தது. மகள் கிளாரா.

"அப்பா, இப்பத்தான் ஸ்கூல் விட்டு வந்து கதவத் தொறந்தேன். அடுப்படில வெஞ்சனம் நறுக்குற சத்தம் கேக்குது. அத்த வந்திருக்காகளா?"

"உள்ள போகாத." போனில் அவள் காலடி அதற்குள் நகர்ந்திருந்தது. "கிளாரா, வெளிய வந்துரும்மா."

திரையின் ஓரத்தில் நீலப் பாவாடை தெரிந்தது. யூனிபார்ம்.

நறுக்கும் சத்தம் நின்றது.

காய் நறுக்கியவள் திரும்பினாள். ஜெய்தூன் பீவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்பா," போனில் மகளின் குரல் பூரித்தது. "அம்மாப்பா!"

ஈர மண் அப்பிய ஒரு கை பிள்ளையின் தலையை வருடியது. மறு கை கதவைச் சாத்தியது.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் போனில் கேட்டது.