ஓலே பிறந்த தேதி

2007 ஏப்ரல், பிளானோ. சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு சிக்ரிட் ஆன்ட்டி கண்ணாடி அலமாரியைத் திறந்தபோது, வெல்வெட் பெட்டி மட்டும் இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய, உடையில் குத்திக்கொள்ளும் வெள்ளி புரோச்சைக் காணோம். அவருடைய தாத்தா ஓலே நார்வேயிலிருந்து கப்பலேறியபோது கூடவே கொண்டு வந்தது அது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் கல்யாணத்தன்று அணிகிற நகை.

பர்வின் ஓடி வந்தபோது போலீஸ் கார் வாசலில் நின்றிருந்தது. அவள் கணவன் சேக் தாவூத் புல்தரையில் நின்று டிடெக்டிவ் கார்சியாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நேற்று மாலை இந்த வீட்டுக்குள் போனீர்களா?"

"போனேன்."

"யாரும் இல்லாதபோது?"

"ஸ்மோக் அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. ஆன்ட்டிதான் பேட்டரி மாற்றச் சொன்னார். மாற்றினேன், வந்துவிட்டேன்."

"சாவி?"

"எங்களிடம் எப்போதும் ஒன்று இருக்கும்."

டிடெக்டிவ் அம்மாள் குறித்துக்கொண்டார். பர்வின் அந்தப் பேனாவையே பார்த்தாள். ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் கிரீன் கார்டு இப்போதுதான் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. திருட்டு வழக்கு என்று ஃபைலில் ஒரு வரி விழுந்தால் எல்லாம் போச்சு. அதிலும் சேக் தாவூத் என்ற பெயருக்கு இந்த ஊரில் சலுகை காட்ட யார் வரிசையில் நிற்கிறார்கள்?

"பயமா இருக்கா?" என்று தமிழில் கேட்டான் சேக் தாவூத்.

"உங்களுக்கு?"

"கால் நடுங்குது. பேன்ட் போட்டிருக்கேன், தெரியல."

வீட்டுக்குள் ராய் சோபாவில் உட்கார்ந்து சிக்ரிட் ஆன்ட்டியின் கையைத் தடவிக்கொண்டிருந்தான். மினசோட்டாவிலிருந்து வியாழக்கிழமை வந்து இறங்கி, இங்கேயே தங்கியிருக்கும் சொந்தக்காரன். ஓலேயின் மூத்த மகன் வடக்கே போய்விட்டானாம், அவனுடைய பேரனாம். "நேற்று மாலை ஆன்ட்டியும் நானும் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்," என்று கேட்காமலே சொன்னான். "சாவி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்."

இந்த ராய் வந்து சேர்ந்ததற்கு ஒருவகையில் பர்வினே காரணம். எம்சிஏ படித்தவள், கணவனை அண்டிய விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. சும்மா இருப்பவளிடம் போன வருடம் சிக்ரிட் ஆன்ட்டி, "என் முன்னோரைத் தேடித் தருவாயா?" என்று கேட்டார். நார்வேக்காரர்கள் பழைய சர்ச் பதிவேடுகளை அப்படியே இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். அகராதியும் கையுமாக அவற்றில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சொந்தக் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது, ஓலேயின் பாட்டிக்கு எத்தனை மாடு என்று தெரியும் என்று சேக் தாவூத் கிண்டல் செய்வான். கண்டுபிடித்ததையெல்லாம் வம்ச மரமாக ஒரு தளத்தில் போட்டாள். போன வாரம்தான் ஓலே பிறந்த தேதியைத் திருத்தினாள். தானும் ஓலே வம்சம் என்று ராய் ஆன்ட்டிக்குக் கடிதம் எழுதியது அதற்கு இரண்டு மாதம் முன்பு.

மேசையில் அவன் கொண்டு வந்திருந்த பழைய பைபிள் திறந்து கிடந்தது. பர்வின் அதை இப்போதுதான் பார்க்கிறாள். முதல் பக்கத்தில் பழுப்பு மையில்: ஓலே, பிறப்பு 12 மார்ச் 1852.

அவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

"இது யார் எழுதியது?"

"ஓலேயே. தன் கையால்," என்றான் ராய்.

"நான் போட்ட மரத்தைப் பார்த்து எழுதினதில்லையே?"

ராய் சிரித்தான். "எனக்குக் கம்ப்யூட்டரே ஆகாது. ஆன்ட்டி பெயரை என் மகள் தேடித் தந்தாள். மரம் கிரம் எதையும் நான் பார்த்ததில்லை."

பர்வின் டிடெக்டிவ் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தேதி தப்பு, மேடம். தப்பு என்னுடையது. பதிவேட்டில் 1852-இல் பிறந்த ஓலேயைப் பார்த்ததும் அவர்தான் இவர் தாத்தா என்று போட்டுவிட்டேன். போன வாரம் அடக்கப் பதிவைப் படித்தேன். அந்த ஓலே இரண்டு வயதில் இறந்துபோனான். மறு வருடம் இன்னொரு பையன் பிறந்தான். அவனுக்கும் ஓலே என்றே பெயர் வைத்தார்கள். அங்கே அது வழக்கம். எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு முன்னால் பிறந்த அக்கா இறந்துவிட்டாள். அவள் பெயரை எங்கள் வீட்டில் வாய்விட்டுக்கூடச் சொல்ல மாட்டார்கள்."

கார்சியா மறுபடி பேனாவை எடுத்தார்.

"கப்பலேறி வந்தது இரண்டாவது ஓலே. 1855-இல் பிறந்தவர். தன் பைபிளில் யாராவது இறந்த அண்ணன் பிறந்த நாளை எழுதிக்கொள்வார்களா? அந்தத் தேதியை இவர் தாத்தாவுக்கு ஒட்டியது நான் ஒருத்திதான். திருத்திய நாள் தளத்திலேயே பதிவாகி இருக்கிறது. ராய் பார்த்தது பழைய மரத்தை. ராத்திரி ஆன்ட்டி தூங்கிய பிறகு இந்த வீட்டில் விழித்திருக்க முடிந்தவரும் அவர்தான்."

"ஒரு தேதியை வைத்துக்கொண்டு..." என்று எழுந்த ராய், ஜன்னல் வழியே தன் வாடகைக் காரைப் பார்த்தான். கார்சியாவும் அந்தப் பக்கம் பார்த்தார்.

மாலையில் காரைச் சோதிக்க நீதிபதியின் அனுமதி வந்தது. ஸ்டெப்னி டயருக்கு அடியில், ஒரு காலுறைக்குள் புரோச் இருந்தது. ராயின் ஊர் மினசோட்டாவே இல்லை, அவன் ஓலே வம்சமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பர்வின் அழுது தீர்த்தாள். "நீ தப்புப் பண்ணதாலதான் நான் தப்பிச்சேன்," என்று தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான் சேக் தாவூத். "இன்னும் நாலு தப்புப் பண்ணி வை. அவசரத்துக்கு ஆகும்."

மறுநாள் காலை சிக்ரிட் ஆன்ட்டி வந்தார். சேக் தாவூத்திடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு பர்வினிடம், "அந்தச் சின்ன ஓலே இப்போது மரத்தில் எங்கே இருக்கிறான்?" என்று கேட்டார்.

"அழித்துவிட்டேன் ஆன்ட்டி. தப்பு என்று."

"அவனும் எங்கள் பிள்ளைதானே?"

பர்வின் லேப்டாப்பைத் திறந்து அவனைத் திரும்பச் சேர்த்தாள். ஓலே, 1852–1854. அம்மா, அப்பா, பக்கத்தில் தம்பி ஓலே.

அவர் போன பிறகு காலிங் கார்டை எடுத்து கீழக்கரைக்குப் போன் செய்தாள்.

"உம்மா, எனக்கு முன்னாடி பிறந்து மௌத்தான அக்கா பேர் என்ன?"

அந்தப் பக்கம் உம்மா கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நசீமா," என்றாள் உம்மா. பிறகு, கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னாள்.