ஐம்பது நிமிடம் பறக்க ஒரு நாள்

என் அப்பாவோடு ஒருமுறை ஊருக்குக் கிளம்பிப் பாருங்கள். அப்போது தெரியும் எங்கள் பாடு.

அத்தை வீட்டுக்குப் போக மாலை ஐந்து மணிக்கு விமானம். எங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து அத்தை ஊர் விமான நிலையம் நானூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம். வீட்டிலிருந்து இங்குள்ள விமான நிலையத்துக்குக் காரில் அரை மணி நேரம். இதெல்லாம் அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

"காலைல எட்டு மணிக்குக் கிளம்பிடணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலை ஒன்பது மணிக்கு எங்கள் பள்ளிக்குக் கால்பந்துப் போட்டி. நான்தான் கோல்கீப்பர். எனக்குப் பதிலாக நிற்கப்போகிறவள், பந்து வந்தாலே கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள்.

"ஐம்பது நிமிஷம் பறக்கறதுக்கு எதுக்குப்பா ஒரு நாள்?"

"பறக்கறதுக்கு ஐம்பது நிமிஷம். போய்ச் சேர வேண்டாமா?" அப்பா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "வழியில டிராஃபிக். டயர் பஞ்சரானா? அந்த நேரம் பார்த்து மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தா?"

"எந்த மெக்கானிக்?"

"பஞ்சர் ஒட்டற மெக்கானிக்."

இன்னும் பஞ்சரே ஆகாத டயர். இன்னும் சாப்பிடவே போகாத மெக்கானிக். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "இவரு எங்க கல்யாணத்துக்கே முந்தின நாள் காலைல வந்து உட்காந்தவரு. மண்டபத்துக்கு நாற்காலியே வரலை."

"எனக்கு வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பினாத்தான் நிம்மதி. அப்புறம் எல்லாம் பரவாயில்லை" என்றார் அப்பா.

கெஞ்சினேன். அழுதேன். சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பசி தாங்காமல் சாப்பிட்டேன். அப்பா அசைந்து கொடுக்கவில்லை.

கோபத்தோடு என் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா சொன்னது மறுபடி நினைவுக்கு வந்தது. அவருக்கு வேண்டியது கிளம்புவதுதானே? விமான நிலையம் போகும் சாலையில்தானே மைதானம் இருக்கிறது?

"அப்பா, எட்டு மணின்னா ரொம்ப லேட். ஏழரைக்கே கிளம்பிடலாம்."

அம்மாவின் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது.

"வழியில மைதானத்துல நிறுத்துங்க. நான் விளையாடிட்டு வந்துடறேன். பெட்டியெல்லாம் கார்லயே இருக்கட்டும். அங்கேருந்து ஏர்போர்ட் பத்து நிமிஷம்தான்."

அப்பா யோசித்தார். "பஞ்சரானா?"

"எதிர்லயே பஞ்சர் கடை இருக்கு. அந்த மெக்கானிக் கடையிலயேதான் சாப்பிடுவாரு."

அப்பா கார் சாவியை எடுத்து அப்போதே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஏழரைக்குக் கிளம்பினோம். மைதானத்தில் எங்கள் அணியைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. அப்பா ஒரு பெட்டியை இறக்கி, கோட்டுக்கு வெளியே போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வீட்டைப் பூட்டியாகிவிட்டதல்லவா, இனி அவருக்கு என்ன கவலை?

போட்டி சமநிலையில் முடிந்து, பெனால்டிக்கு வந்தது. எதிரணி அடிக்க இன்னும் இரண்டே பந்துகள். ஒன்றையாவது நான் பிடித்தால் வெற்றி எங்களுக்கு.

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கிண்டலாகக் கேட்டாள். "ஏங்க, நேரமாச்சே. கிளம்பலாமா?"

அப்பா பெட்டியின் மேலேயே ஏறி நின்றிருந்தார். "சும்மா இரும்மா. ஃபிளைட் எங்க ஓடிப் போகுது?"

என் அப்பாவா அது? திரும்பிப் பார்த்தேன். அந்தப் பந்தைக் கோட்டை விட்டேன்.

அடுத்த பந்தை விடவில்லை.