இரண்டு கைதட்டல்

கோல்கீப்பர் பந்தைப் பார்க்கவில்லை.

வீடியோ கேமில் கார்னர் கிக் நேரம். கோலுக்கு முன்னால் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேருடைய கண்ணும் மூலையில் வைத்த பந்தின்மேல் இருக்க, தம்பியின் அணிக் கோல்கீப்பர் மட்டும் கழுத்தைத் திருப்பி, பக்கவாட்டுக் கோட்டையும் தாண்டி, டி.வி.க்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாராவது ஆடியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, கருவிழியின் நடு எங்கே வருகிறதென்று பார்த்து ஃபிரேமில் பேனாவால் புள்ளி வைப்பதுதான் நாள் முழுக்க அவன் பிழைப்பு. எதிரே இருப்பவர் தன்னைப் பார்க்கிறாரா, தன் காதுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறாரா என்பதைப் பேனாவை எடுக்கும்போதே சொல்லிவிடுவான்.

பந்து உயரமாக வந்தது. கோல்கீப்பர் அந்தப் பக்கம் திரும்பாமலே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டான்.

கேமில் ஏதோ கோளாறு என்று தம்பி நினைத்துக்கொண்டான். அந்த மேட்ச்சில் ஜெயித்து ஐந்தாம் டிவிஷனிலிருந்து நான்காம் டிவிஷனுக்கு ஏறினான். திரையில் தங்கநிறக் காகிதத் துண்டுகள் கொட்டின. சந்தோஷம் எதுவும் வரவில்லை. வரும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை.

கோல்கீப்பரின் முகம் அண்ணனுடையது. கேமை வாங்கியவன் அண்ணன், அணியும் அவன் பெயரில் இருப்பதுதான். தன் போட்டோவை ஏற்றித் தன் முகத்திலேயே ஓர் ஆட்டக்காரனைச் செய்து கோலில் நிறுத்தினான். ஓடுகிற வேலையெல்லாம் உனக்கு, நின்றுகொண்டே பேர் வாங்குகிற வேலை எனக்கு என்று தம்பியைச் சீண்டுவான். பத்தாம் டிவிஷனில் தொடங்கி முதல் டிவிஷன் வரை ஏற வேண்டும். அண்ணனுக்கு அதில் பைத்தியம். "ஒண்ணாவது டிவிஷனுக்கு மட்டும் ஏத்திவிடுடா, நான் கோலை விட்டே வெளிய வரேன்" என்பான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் குழிக்குள் நின்று கத்தினால் சுவரெல்லாம் சேர்ந்து திருப்பிக் கத்தும், மேலே நிற்பவனுக்கு ஒரு சொல்லும் விளங்காது. அதனால் அங்கே பேச்செல்லாம் கைதட்டல்தான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் இறங்கி வா. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டீ வேண்டுமென்றால் இரண்டு தட்டு, துண்டை மறந்துவிட்டுக் குளிக்கப் போனால் இரண்டு தட்டு. நான் என்ன லிஃப்டா என்று அண்ணி கேட்பாள், கேட்டுக்கொண்டே துண்டோடு போவாள். கோல்கீப்பருக்கு ஒரு தனி அசைவு தேர்ந்தெடுக்கச் சொல்லி கேம் கேட்டபோதும், கையுறைகளை இரண்டு முறை தட்டுவதைத்தான் அண்ணன் தேர்ந்தெடுத்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் குளியலறையில் இருந்தான். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். தரவரிசை மேட்ச்சை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. எதிரே ஆடுபவன் வேறு எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருப்பான், எழுந்து போனால் தோற்றதாகக் கணக்கு. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது இரண்டு கைதட்டல் கேட்டது. கோல்கீப்பர் என்று நினைத்தான். மறுபடியும் கேட்டபோது பந்து எதிரணிக் கோல்பக்கம் இருந்தது. தன் கோல்கீப்பர் தட்டக் காரணமே இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. "இருண்ணே, முடிச்சிட்டு வரேன்" என்றான். மூன்றாவது முறை தட்டல் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டு, ஜெயித்ததைச் சொல்லத்தான் குளியலறைக் கதவைத் தட்டினான்.

நெஞ்சுவலி வந்தால் கத்த முடியாதாம். பிறகு டாக்டர் சொன்னார். எதுவும் கேட்கவில்லை என்று அண்ணியிடம் தம்பி சொன்னான். அன்றிலிருந்து அவனுக்குள் எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கடையில் வைக்கும் புள்ளி மட்டும் பிசகாமல் விழுந்தது. சாயங்காலம் வந்து திரையைப் போடுவான். அண்ணன் ஆசைப்பட்ட இடத்துக்கு ஏற்றிவிட வேண்டும். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

நான்காம் டிவிஷனில் ஆட ஆட, அந்தப் பார்வை கோளாறு இல்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு மேட்ச்சிலும் கோல்கீப்பர் அப்படியேதான் பார்த்தான். மூன்றாம் டிவிஷனுக்கு ஏறிய அன்று அவன் கோலில் இல்லை. பெனால்டி பெட்டியின் இந்தப் பக்க முனையில் கைகளைத் தொங்கவிட்டு நின்றான். திறந்து கிடந்த கோலுக்குள் எதிராளி அடித்த பந்து, யாரோ தட்டிவிட்டதுபோல, வெளியே போனது. கூட்டத்தின் இரைச்சல் வழக்கம்போல ஹெட்போனில் எழுந்து அடங்கியது. அதற்கு அடியில், ஈரத் தரையில் செருப்பில்லாத கால் வைக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. அறையில் சோப்பு வாசனை வந்தது. அண்ணன் போடும் சோப்பு. அவன் போனபிறகு வீட்டில் யாரும் வாங்காதது.

அன்றுதான் அண்ணி முதன்முதலாக இடது கை மரத்துப்போகிறது என்றாள். துணிகளை அளவு குறைத்துத் தைத்துக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. வீட்டிலும் மஞ்சள் இன்ச் டேப் கழுத்திலேயே கிடக்கும், கழற்ற மறந்துவிடுவாள். நாள் பூராவும் கத்தரிக்கோல் பிடித்தால் அப்படித்தான் என்றான் தம்பி. கத்தரிக்கோல் வலது கையில்தானே பிடிக்கிறேன் என்றாள் அவள். டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு, ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குங்கள் என்று அனுப்பினார்.

அவள் டி.வி. இருக்கும் பக்கம் பார்ப்பதே இல்லை. கூடத்தைக் கடக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போவாள். ஏன் என்று ஒருநாள் கேட்டான்.

"அங்கிருந்து யாரோ பாக்குற மாதிரியே இருக்கு தம்பி," என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள்.

இரண்டாம் டிவிஷன். கோல்கீப்பர் மைதானத்தின் நடுக்கோட்டுக்கே வந்துவிட்டான், பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி. ஆட்டக்காரர்கள் அவனைச் சுற்றி ஓடினார்கள், மோதவில்லை. முகத்தில் ஈரம் தெரிந்தது. அன்று இரவு அண்ணியின் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது.

தம்பி ஒரு காரியம் செய்தான். வேண்டுமென்றே தோற்றான். எதிராளிக்குப் பந்தைத் தானே தூக்கிக் கொடுத்து, மூன்று மேட்ச் வரிசையாகத் தோற்று, பழையபடி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினான். கோல்கீப்பர் பெட்டியின் முனைக்குத் திரும்பியிருந்தான். மறுநாள் காலையில் அண்ணி இரண்டு வாளித் துணியைப் பிழிந்து காயப்போட்டாள், பல நாள் கழித்து வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே.

தம்பிக்குப் புரிந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் பயமும் வந்தது, தூரத்தில் யாருக்கோ வந்ததுபோல. கேமைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினான். ஒரு வாரம் தாக்குப்பிடித்தான்.

அவனுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இரு, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னது அண்ணனுக்குக் கேட்டதா? அதைக் கேட்டுக்கொண்டேதான் அவன் போனானா? இதைக் கேட்க உலகத்தில் வேறு ஆள் இல்லை. அந்த ஆளோ ஒவ்வொரு டிவிஷனாகக் கிட்டே வந்துகொண்டிருந்தான். எட்டாம் நாள் தம்பி பெட்டியைப் பிரித்தான். மறுபடி இரண்டாம் டிவிஷனுக்கு ஏற அதிக நாள் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். இன்னும் ஒரு வெற்றி போதும். வெளிச்சம் திரையில் விழாமல் இருக்க ஜன்னல் துணியை இழுத்துவிட்டிருந்தான். அண்ணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கன்ட்ரோலரை அவன் எடுப்பதைப் பார்த்து சமையலறை வாசல்வரை வந்து நின்றாள். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இன்னிக்கு வேண்டாமே."

"ஒரே மேட்ச் அண்ணி. அதோட விட்டுடுறேன்."

அவள் பாத்திரம் கழுவத் திரும்பிப் போனாள். அவன் ஹெட்போனை மாட்டினான். தோற்றுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தான், சத்தியமாக. அண்ணனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, கடைசி நிமிஷத்தில் பட்டனை அழுத்தி வெளியேறிவிட்டால் தோல்வி. எல்லாம் பழையபடி ஆகிவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பாதி ஆட்டம் வரை திரையில் கோல்கீப்பரே இல்லை. கூட்டத்தின் இரைச்சல் குறைந்துகொண்டே போய், குழாயிலிருந்து நீர் விழும் ஓசை மட்டும் நின்றது. அது கேமிலா வீட்டிலா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. சோப்பு வாசனை தொண்டைவரை ஏறியது. கன்ட்ரோலரை அவன் மடியில் வைத்துவிட்டான். ஆட்டக்காரர்கள் தாங்களாகவே ஆடினார்கள். தாங்களாகவே ஒரு கோல் அடித்தார்கள்.

பிறகு திரையின் கீழ் ஓரத்தில் ஒரு தலை எழுந்தது. ஈரத் தலை.

நெற்றி. புருவம். கண்கள். மைதானத்தை மறைத்துக்கொண்டு திரை முழுக்க அண்ணன் முகம்.

"அண்ணே," என்றான் தம்பி. "நான் சொன்னது கேட்டுச்சா?"

உதடு அசையவில்லை. கண்கள் அசையவில்லை. தம்பி அந்தக் கண்களைப் பார்த்தான். பழக்கதோஷம், மனசுக்குள் புள்ளி வைத்தான். வலது கண்ணுக்கு ஒன்று. இடது கண்ணுக்கு ஒன்று.

புள்ளி தன்மேல் விழவில்லை.

அவன் இடது தோளுக்கு மேலே. பின்னால். இத்தனை நாளும் அங்கேதான். சமையலறை வாசல்.

அப்போது கேட்டது. இரண்டு கைதட்டல்.

முகம் சற்றுப் பின்னுக்குப் போக, அண்ணனின் கைகள் தெரிந்தன. இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கின. அசையவே இல்லை. அதைத் தம்பி நன்றாகப் பார்த்தான்.

மறுபடி. கொஞ்சம் மெதுவாக.

ஒரு பட்டன். வெளியேற ஒரே ஒரு பட்டன். விரல் அதன்மேல்தான் இருந்தது. அண்ணனின் உதடு பிரிந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தான். இன்னும் ஒரு நொடி. ஒரே நொடி.

"இருங்க அண்ணி," என்றது அவன் வாய். "முடிச்சிட்டு வரேன்."

அண்ணன் வாயை மூடிக்கொண்டான்.

விசில் ஒலித்தது. தங்கநிறக் காகிதங்கள் கொட்டின. முதல் டிவிஷன். தம்பி ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டான். அண்ணி என்று கூப்பிட்டான். சமையலறையில் குழாய் ஓடியது. பாத்திரச் சத்தம் இல்லை. கழுத்தைத் திருப்ப வேண்டும் என்று நினைத்தான். கழுத்து வரவில்லை.

திரையில் அணி வரிசையாக நின்றது, கோப்பை வாங்க. அவன் எண்ணினான்.

பன்னிரண்டு பேர்.

வரிசையின் கடைசியில் கோல்கீப்பர். அவன் பக்கத்தில் ஒரு பெண். அணியின் சட்டை அவள்மேல் இல்லை. வீட்டுப் புடவை. முன்கை வரை சோப்பு நுரை. கழுத்தில் மஞ்சள் இன்ச் டேப்.

இருவரும் இப்போது அவனைத்தான் பார்த்தார்கள். பிசகில்லாமல். புள்ளி வைக்கலாம்.

அவள் இடது கையைத் தூக்கினாள், சிரமமே இல்லாமல். தட்டினாள்.

ஒன்று.

இரண்டு.

சத்தம் மடியில் கிடந்த ஹெட்போனிலிருந்து வரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால், சமையலறை வாசலிலிருந்து வந்தது.