ஊசிமுனை கிடைக்கும் வரை

மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த மூன்றாவது மாடியைத் திறக்க, சூப்பர்வைசர் அக்கா காலை ஏழரைக்கே வந்துவிட்டாள். அந்தத் தையல் தொழிற்சாலையில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கதவைத் தள்ளியதும் மெஷின் எண்ணெய் வாசனையும் துணி வாசனையும் வந்து முகத்தில் மோதின. அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. புண்ணுக்குப் போடும் மருந்தின் வாசனை.

யாராவது முதலுதவிப் பெட்டியைத் திறந்துபோட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பெட்டி மூடித்தான் இருந்தது.

அன்று மதியம் நடிகை வருகிறாள். அவள் கையெழுத்தைக் காலரின் உள்ளே நூலால் எழுதி, ஜீன்ஸ் துணிச் சட்டைகளை ஒரு பெரிய கம்பெனி விற்றது. அந்த ரகத்துக்குப் பெயரே 'கையெழுத்து'. ஒவ்வொரு சட்டையிலும் ஓர் அட்டை தொங்கும்: 'மகிழ்ச்சியான கைகள் தைத்தது.' அந்தக் கைகளை யார் போய் விசாரித்தார்களோ தெரியாது. முதல் தொகுதி கண்மூடித் திறப்பதற்குள் விற்றுத் தீர்ந்தது. இப்போது இரண்டாவது தொகுதிக்கு விளம்பரம் வேண்டும். தைத்த பெண்களோடு நடிகை உட்கார்ந்து பேசுவதைப் படம் பிடிக்கப் போகிறார்கள்.

அக்காவுக்கு மேனேஜர் ஒரு வேலை கொடுத்திருந்தார்.

"மின்னலோட தங்கச்சி கேமரா முன்னாடி ரெண்டு வார்த்தை பேசணும். எங்கக்கா வீட்ல டின் மூடி கிழிச்சு, புண்ணு புரையோடி இறந்துட்டாங்க, கம்பெனிதான் எனக்கு வேலை குடுத்துச்சுன்னு. நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்க. உங்க பேச்சைத்தான் கேப்பா."

மின்னல் என்பது பட்டப்பெயர். பதினேழாம் மெஷினில் தைத்தவள். அவள் கை ஓடும் வேகத்துக்கு வைத்த பெயர் அது. அவள் இறந்ததும் இந்த மாடியைப் பூட்டி, மெஷின்களைக் கீழ் மாடிக்கு மாற்றிவிட்டார்கள்; இப்போது அதே மெஷினில் அவள் தங்கை தைக்கிறாள். படப்பிடிப்புக்காக நேற்று மாலை ஒரு மணி நேரம் மட்டும் பூட்டைத் திறந்து மெஷின்களை மறுபடி மேலே ஏற்றியிருந்தார்கள்.

எட்டு மணிக்குத் தங்கை வந்தாள். காட்சிக்கு வைக்க வேண்டிய பன்னிரண்டு சட்டைகளை இருவரும் மெட்டல் டிடெக்டரில் விட்டார்கள். ஓடும் பட்டையில் துணியை வைத்தால் அது ஒரு பெட்டிக்குள் போய் வெளியே வரும். உள்ளே ஊசித் துண்டு இருந்தால் கத்தும்.

அக்கா முதல் சட்டையை வைத்தாள். கத்தியது.

காலர், பை, தையல் மடிப்பு என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இரண்டாவதை வைத்தாள். அதற்கும் கத்தியது. மூன்றாவதற்கும்.

"குடுங்கக்கா, நான் விடுறேன்" என்று தங்கை வாங்கி வைத்தாள். சட்டை சத்தமில்லாமல் போய் வந்தது. பன்னிரண்டும் அப்படியே போய் வந்தன.

"நீங்க வெச்சாதான்க்கா கத்துது" என்று சிரித்தாள் அவள். மூன்று மாதத்தில் அவள் சிரித்து அக்கா பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா சட்டைகளை மடித்து அடுக்கினாள்.

தையல் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் அடி, நடு, முனை என எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஊசிப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை புது ஊசி கிடையாது. வரிசை நிற்கும். "துண்டு கிடைக்காம எவளும் சீட்ட விட்டு எழுந்திரிக்கக் கூடாது" என்று வேலைக்கு வரும் ஒவ்வொருத்தியிடமும் முதல் நாளே சொல்லுவாள் அக்கா. பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவள் நாக்கிலேயே குடியிருந்தது.

'கையெழுத்து' முதல் தொகுதி ஏற்றுமதியாக வேண்டிய வாரம் மின்னலின் ஊசி உடைந்தது. அடி கிடைத்தது, நடு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. லாரி கீழே காத்திருந்தது. மேனேஜர் படியேறி இரண்டு தடவை வந்து போனார். மின்னல் மட்டும் எழுந்திருக்காமல் குனிந்து தேடிக்கொண்டே இருந்தாள். "விரல்ல என்னமோ குத்தின மாதிரி இருக்குக்கா" என்றாள். அக்கா பார்த்தாள். கடுகளவு ரத்தம். ஒரு பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டு, பழைய ஊசி ஒன்றின் முனையைக் குறடால் ஒடித்துப் பதிவேட்டில் ஒட்டினாள். கையெழுத்தும் போட்டாள்.

மூன்றாம் நாள் மின்னலுக்குக் காய்ச்சல். "வீட்டுக்குப் போகட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"அடுத்த லோடும் போகட்டும்மா, போகலாம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாராம், கைக்குள் ஊசித் துண்டு ஏதும் இருக்குமா என்று. மேனேஜர் பதிவேட்டைக் காட்டினார். மூன்று துண்டும் ஒட்டியிருந்தன. அதனால் யாரும் உள்ளே தேடவில்லை. எட்டாம் நாள் மின்னல் போய்விட்டாள். அப்புறம்தான் தங்கைக்கு ஒரு ஞாபகம் வந்தது. மூடியை வெட்டித் திறந்த ஒரு பால்பவுடர் டின்னை அவள்தான் கழுவும் இடத்தில் போட்டு வைத்திருந்தாள். அது கிழித்திருக்கும் என்று அவளே சொன்னாள். எல்லோரும் சரி என்றார்கள். அக்காவும் சரி என்றாள்.

அந்தச் சரியை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

மதியம் படப்பிடிப்புக்காரர்கள் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்தார்கள். பட்டப்பகலில் மாடி இருண்டுபோனது. ஒரே ஒரு விளக்கு. அதை எதேச்சையாகப் பதினேழாம் மெஷின் மேல் நிறுத்தினார்கள்.

தங்கை ஓரமாக நின்று உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். "டின்னை நான்தான்க்கா அங்க போட்டேன்னும் சொல்லணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "அதைச் சொன்னா அழுதுடுவேன்."

"அதெல்லாம் வேணாம்மா" என்றாள் அக்கா. அவள் வலது கை ஆட்காட்டி விரலின் நுனி விண்விண் என்று தெறித்தது.

நடிகை நல்ல மாதிரிதான். எல்லோரிடமும் சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பதினேழாம் மெஷினில் உட்கார்ந்தாள். கேமரா ஓடியது. துணியை எடுத்துத் தைப்பதுபோலக் குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை.

மெஷினின் மோட்டார் ஓடவில்லை. இருந்தும் மிதிகட்டை ஒரு தடவை அழுந்தி எழுந்த சத்தம் கேட்டது.

மருந்து வாசனை குப்பென்று பரவியது.

நடிகை மெல்லத் தலையைத் தூக்கினாள். பூசியிருந்த சாயத்தையும் மீறி முகம் வெளுத்திருந்தது.

"யாரோ என் காதுல பேசினாங்க" என்றாள். "எழுந்திரிக்கலாமாக்கான்னு கேட்டாங்க. நான் என்ன சொல்லணும்?"

மேனேஜர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மின்னல் அந்த வரிசையில் நாலு வருஷம் இருந்தவள். ஒவ்வொரு தடவை ஊசி உடைந்தபோதும் துண்டு கிடைத்ததும் அவள் கேட்கும் கேள்வி அது. தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கையின் முகத்தைப் பார்த்த பிறகு அக்காவால் முடியவில்லை. அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அடி இருந்தது. நடு இருந்தது. முனை ஒட்டிய இடத்தில் டேப் மட்டும் இருந்தது. அதற்கடியில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி, காயாமல்.

"டின் இல்லம்மா" என்றாள் தங்கையிடம். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "டின் இல்ல. ஊசி. முனை உங்கக்கா விரல்ல இருந்துச்சு. கிடைச்சிருச்சுன்னு நான் பொய்யா ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் தேடாமப் போனதுக்கு நான்தான் காரணம். நீ இல்ல."

மேனேஜர் கேமராவை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். நடிகை காலரைப் பிடித்து இழுத்து, பித்தானைக்கூடக் கழற்றாமல் சட்டையை உரித்துப் போட்டாள்.

தங்கை அழவில்லை.

"மூணு மாசமா எங்கம்மா என்கிட்டப் பேசலக்கா" என்றாள். "நான்தான் கொன்னேன்னு." பதிவேட்டை அக்காவின் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள். மேனேஜர் பின்னாலேயே ஓடினார். மற்றவர்களும் இறங்கினார்கள். விளக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா மட்டும் நின்றாள். சொன்னால் மனம் இலேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. செத்தவள் செத்தவள்தான். விரல் நுனி தெறித்துக்கொண்டே இருந்தது. அவள் பார்த்தாள். காயம் இல்லை, வீக்கம் இல்லை.

காலையில் தங்கை சொன்னது ஞாபகம் வந்தது.

டிடெக்டரின் சுவிட்சைப் போட்டாள். சட்டை எதையும் எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அந்த வெறும் கையை மட்டும் பட்டையில் வைத்தாள்.

பெட்டி கத்தியது.

கத்தல் ஓய்ந்ததும் பின்னால் ஒரு நாற்காலி தரையை உரசிக்கொண்டு நகர்ந்தது. பதினேழு. யாரோ எழுந்துகொண்டார்கள். மூன்று மாதமாக உட்கார்ந்தே மரத்துப்போன கால்கள், அடி மேல் அடி வைத்து, அவளிடம் வந்து நின்றன.

அவள் வலது கைக்குள் இன்னொரு கை நுழைந்தது. காய்ச்சலில் கொதித்தது.

"கிடைச்சிருச்சுல்லக்கா. வாங்க, வீட்டுக்குப் போலாம்."