ஹெல்மெட் இருந்தும் தலை தப்பவில்லை!

பிணம் குப்புறக் கிடந்தது.

சுற்றிலும் கண்ணாடி அலமாரிகள். உள்ளே ஹெல்மெட்கள். உலகப் போரில் பாராசூட்டில் குதித்த வீரர்களின் தலையைக் காத்தவை... இவர் தலையைக் காக்கவில்லை!

நடு அலமாரி மட்டும் காலி.

மனைவி சுவரோரமாக நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அழுதுடுங்கம்மா..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"வரலை சார். அக்கா வீட்டுலேர்ந்து காலைலதான் வந்தேன். காபி போட்டுட்டு இவரை எழுப்ப வந்தேன். அப்புறம்... ஒண்ணுமே தோணலை."

"யாருக்குச் சொன்னீங்க?"

"உங்களுக்கு. அப்புறம் பல் டாக்டருக்கு. இவரும் அவரும் சேர்ந்துதான் பழைய ஹெல்மெட் தேடி அலைவாங்க."

அறைக்குள் நுழையுமுன்பே, கூடத்திலிருந்து அலறல் கேட்டது. பல் டாக்டர்!

"அண்ணி...! ஒரு ஹெல்மெட்டுக்காக அண்ணனை அடிச்சுக் கொன்னுட்டானே... எந்தப் பாவி!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதபடி உள்ளே வந்தார்.

மனைவி அவரையே பார்த்தாள். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை.

"டாக்டர்... 'அவர் போயிட்டார், வாங்க'ன்னு மட்டும்தானே போன்ல சொன்னேன்?"

அழுகை நின்றது!

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, கான்ஸ்டபிள் வாசலுக்கு ஓடினார். டாக்டரின் கார் டிக்கியில், துண்டில் சுற்றி... ஹெல்மெட்!

டாக்டர் நாற்காலியில் சரிந்தார்.

"எத்தனை வருஷமா கெஞ்சறேன் சார்! அசல் பாராசூட் படை ஹெல்மெட்... 'தரமாட்டேன், ஏன்னு கேக்காதே'ன்னார். நேத்து சாயங்காலமும் அதே பதில். முதுகைக் காட்டித் திரும்பினார்... கைக்கு இரும்பு ஸ்டாண்ட் கிடைச்சுது..."

தடயவியல் நிபுணர் கறை தேடி, புற ஊதா டார்ச்சை ஹெல்மெட்டுக்குள் அடித்தார்.

தாடைப் பட்டையின் தையல்... நீலமாக மின்னியது!

டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"இல்லை... அந்தக் காலத்துப் பருத்தி நூல் இப்படி மின்னாது! இது புது நூல்... இது..."

"டூப்ளிகேட்," என்றாள் மனைவி. "இவர் ஏமாந்துட்டார். வாங்கின மறுமாசமே தெரிஞ்சுது. வெளியில சொல்ல வெக்கம். 'பாவம், கேட்டுக்கிட்டே இருக்கான். தெரிஞ்சே போலியை அவன் தலைல எப்படிக் கட்டறது?'ன்னு புலம்பினார்."

டாக்டர் கைகளை நீட்டினார்.

விலங்கை மாட்டிய இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"இந்த வீட்டுல கலப்படமில்லாத ஒரிஜினல் அவர் ஒருத்தர்தான், டாக்டர்... அதைப் போய் உடைச்சுட்டீங்களே!"