விடியும்வரை அடித்த மணி

கடைசி வரி மட்டும் காயவே இல்லை.

காலையில் எழுதியது. மதியச் சாப்பாடு முடிந்து வந்து தொட்டபோதும் விரலில் ஈரம் ஒட்டியது. நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. ஊரின் நூறாண்டு வரலாற்றை எழுதித் தரும்படி நூலகத்தார் கேட்டபோது அவர் பிகு செய்யாமல் ஒப்புக்கொண்டிருந்தார். முப்பது வருடம் துறைமுகத்தில் மூடுபனி மணி அடித்தவருக்குத் தெரியாத ஊர்க்கதையா? பனி இறங்கினால் மும்மூன்றாக மணி அடிப்பார். படகுகள் ஒரு ஊதல் ஊதிப் பதில் சொல்லும். கடைசிப் படகு கரை சேரும்வரை மணி நிற்கக் கூடாது. பனி விழுந்தால் இந்த ஊரில் பிணம்கூடத் தூங்காது என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள்.

காயாத வரி இதுதான்: 'ஏழு பேருடன் படகு காணாமற்போன அன்று, மணி விடியும்வரை அடிக்கப்பட்டது.'

பச்சைப் பொய். குளிர் தாங்காமல் சற்றுக் கண்ணயரலாம் என்று கயிற்றை விட்டவர், முகத்தில் வெயில் பட்டுத்தான் எழுந்தார். அவசர அவசரமாக உள்ளங்கையைக் கயிற்றில் தேய்த்துக் கொப்புளம் வரவழைத்தார். ஏழு பேரில் ஒருவன் மனைவியின் தம்பி. அந்தக் கொப்புளங்களுக்கு மருந்து தடவியவளும் அவள்தான். இருபத்திரண்டு வருடமாகியும் அதை நினைத்தால் அவருக்கு உடம்பு கூசியது.

தாளைக் கிழித்துப்போட்டு அதே வரியைப் புதிதாக எழுதினார். எழுத எழுத நனைந்தது.

ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகலில் பனி இறங்கி எதிர்வீட்டை மறைத்தது. கடல் பக்கமிருந்து ஒரு ஊதல், நீளமாக, பதில் சொல்லும் ஊதல்.

மணியை யாரும் அடிக்கவில்லை.

இன்னொன்று. மீன் சந்தைப் பக்கம்.

இன்னொன்று. தெருமுனை.

வாசல் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். மனைவி அழுதாள். இல்லை, சிரித்தாள்.

"என்னங்க! தம்பி வந்துட்டான்! எல்லாரும் வந்திருக்காங்க!"

அவர் எழவில்லை. அறைக்குள் சேற்று வாடை. அறைவாசல் திரைச்சீலைக்கு அடியில் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வந்தது.

திரையை ஓரமாக விலக்கி அவள் தலை நீட்டினாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"மணி ஏன் நின்னுச்சுன்னு கேக்கறான். என் வீட்டுக்காரர் கை கிழியக் கிழிய அடிச்சாருடான்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கறான். நீங்களே சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். உப்புத் தண்ணீர்தான் வழிந்தது.

திரைக்குக் கீழே பதினான்கு பாதங்கள். ஊறி, வெளுத்து. பதிலுக்காகக் காத்து நின்றன.