ஜெசிந்தா எழுந்த விதம்

காலையில் கண் விழித்ததும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. முதலில் துணைத்தசை என்ற இயந்திர உடையை மாட்ட வேண்டும். கணுக்காலில் வைத்தால் போதும், முழங்கால், இடுப்பு, முதுகு என்று தானாகவே ஏறி ஒட்டிக்கொள்ளும். மேலே நைட்டியைப் போட்டுவிட்டால் வெளியே தெரியாது. அறுபத்தைந்து தாண்டிய எல்லோருக்கும் இதுதான் விடியல். எனக்கோ எழுபதும் தாண்டிவிட்டது. மறந்துபோய்ப் பாத்ரூம் பக்கம் நடந்தால், "ஸ்டெல்லா அம்மா, உங்கள் உடை எங்கே?" என்று சுவர் கேட்கும். என் மாமியார்கூட என்னை இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை.

வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த காலத்தில் வந்த சட்டம் இது. நல்ல சட்டம்தான், பொய் சொல்லக் கூடாது. எங்கள் தூத்துக்குடியில் இப்போது யாரும் விழுவதில்லை. தொண்ணூறு வயதுக்காரர் மீன் பையோடு விறுவிறுவென்று மாடி ஏறுகிறார். ஏறுவது அவரா, உடையா என்று மட்டும் கேட்கக் கூடாது. மூட்டுவலித் தைலம் விற்ற கடையில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிறார்கள்.

எனக்கு வேறொரு வலியின் ஞாபகம் வரும். நானும் ஜெசிந்தாவும் ஒரு காலத்தில் ஒரே வாலிபால் அணியில் ஆடினோம். நான் வலையோரம் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பேன், அவள் எகிறி அடிப்பாள். பயிற்சியில் விசில் ஒலித்ததும் எல்லோரும் வலையோரம் எகிறிக் குதிக்க வேண்டும். மைதானம் முழுக்க உப்புக் காற்று வீசும். வலை எப்போதும் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே இருக்கும். பயிற்சிக்கு மறுநாள் தொடை கெட்டியாகி பஸ் படி ஏற முடியாது. ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, வலி தாங்காமல் சிரிப்போம். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார். அந்த வலி எவ்வளவு சுகமாக இருந்தது! என் உடம்பு என்னுடையது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் துணைத்தசையை அவர்களே கழற்றுவார்கள். அதற்குப் பெயர் எழுகைத் தேர்வு. கைப்பிடி இல்லாத நாற்காலி, காலடியில் அளவைத் தட்டு. விசில் ஒலித்ததும் சொந்தக் காலில் எழ வேண்டும். எழும் வேகத்தை வைத்துத் தட்டு நம் தசைவீச்சைச் சொல்லிவிடும். பலம் வேறு, தசைவீச்சு வேறு. பலம் மெல்லத்தான் குறையும். சட்டென்று காலை ஊன்றி உடம்பை நிறுத்தும் வேகம்தான் முதலில் காணாமல் போகும்.

தேறினால் பாதித் துணை. நடப்பது நாம், தடுக்கினால் பிடிப்பது உடை. தேறாவிட்டால் முழுத் துணை. உடையே நடக்கும், உட்காரும், எழும். நாம் உள்ளே சும்மா இருக்கலாம். அடுத்த வருடம் மறுபடி தேர்வுக்கு வரலாம் என்பார்கள். ஒரு வருடம் வேலையே செய்யாத தொடையில் என்ன மிச்சம் இருக்கும்? முழுத் துணைக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

போன வருடம் ஜெசிந்தா மயிரிழையில்தான் தப்பினாள். அன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஏட்டி ஸ்டெல்லா, முழுத் துணை போட்டுட்டா எனக்கு எதுக்கு இந்தக் காலு? கழட்டி அவங்ககிட்டயே குடுத்துட்டு வந்துர வேண்டியதுதான்."

"சும்மா பொலம்பாத. நாளையில இருந்து பயிற்சி."

என் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலிதான் எங்கள் மைதானம். மெல்ல உட்கார வேண்டும், வெடுக்கென்று எழ வேண்டும். முதல் வாரம் இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டதுதான் மிச்சம். பிறகு ஒரு காலையில் போன் வந்தது.

"ஏட்டி, தொடை வலிக்கிட்டி!" லாட்டரி விழுந்ததைப் போலக் கத்தினாள்.

"எனக்குந்தாட்டி!" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த வருடத் தேர்வு நாளன்று முதலில் அவளை அழைத்தார்கள், அவளுக்கு அடுத்தது நான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடையைக் கழற்றி ஓரமாக நிறுத்தினார்கள். மெலிந்த காலோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதுகு சற்று முன்னே சாய்ந்திருந்தது.

விசில் ஒலித்தது.

ஜெசிந்தா எழவில்லை. குதித்தாள். இரண்டு கையும் மேலே போக, இரண்டு காலும் தட்டை விட்டுக் கிளம்ப, எதிரே வலை இருப்பதுபோல எகிறினாள். எத்தனை வருடம் விசிலுக்குக் குதித்த கால்கள்! முழங்காலை மடக்கி அழகாக இறங்கினாள். நான் கண்ணாடியைத் தட்டிக் கத்தியே விட்டேன்.

தட்டு சிவப்பானது. "விழுகை பதிவானது. முழுத் துணை" என்றது. ஓரத்தில் நின்ற உடை ஓடிவந்து அவளைக் கவ்வியது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "எம்மா, அவ விழல. குதிச்சா. நீங்களுந்தான பாத்தீங்க?"

அங்கிருந்த அதிகாரி இளம்பெண். "பாத்தேன்ம்மா. இந்த வயசுல யாரும் குதிச்சதா அதுக்குத் தெரியாது. ரெண்டு காலும் தரைய விட்டா விழுந்ததாத்தான் எடுத்துக்கும். மாத்துறதுக்கு எனக்கு அதிகாரமில்ல" என்றாள்.

"விசில் அடிச்சா நான் என்ன செய்ய?" என்றாள் ஜெசிந்தா. "நான் எழும்பத்தான் நெனச்சேன். காலு போயிருச்சு."

அடுத்து என் முறை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் குதித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்து ஜெசிந்தா முறைத்தாள். ஒரு காலத்தில் நான் பந்தை உயரம் தப்பிக் கொடுத்தால் முறைப்பாளே, அதே முறைப்பு. விசிலுக்கு நல்ல பிள்ளையாக எழுந்து நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது. பாராட்டுகள் என்றது சுவர். ஜெயித்துவிட்டு இவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததே இல்லை.

கடற்கரைச் சாலை வழியாக வீடு திரும்பினோம். ஜெசிந்தா கொஞ்சமும் தடுமாறாமல், சீரான அடி வைத்து வந்தாள். பார்க்கிறவர்கள் என்னைத்தான் நோயாளி என்று நினைத்திருப்பார்கள்.

"வலி போயிருச்சுட்டி" என்றாள் திடீரென்று. "காலையில வலிச்சுது. இப்ப தேடுதேன், காணல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மெஷினுக்குத்தான் தெரியல. நீ பாத்தல்லா. எம்புட்டு ஒயரம் போனேன்?"

நடுச்சாலையில் நின்று, குனிந்து, தரைக்கு மேல் ஒரு சாண் அளவில் கையை வைத்துக் காட்டினேன். உண்மையில் அவ்வளவுகூட இருக்காது. அவளும் குனிந்து பார்க்க முயன்றாள். உடை விடவில்லை.

"தெரியல, இன்னும் கொஞ்சம் மேல காட்டுட்டி."

கையை உயர்த்தினேன்.

"இன்னும்" என்றாள்.